பதினாலில் நாலு

அத்தியாயம் 11

புதன்கிழமை. பகல் ஒன்று பத்து.

கோர்ட் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், டேரில் சல்மேலா தன் உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. நகக்கண்ணில் இருந்த கிரீஸ் அசையவில்லை.

அந்தக் கிரீஸும் இந்த வழக்கில் ஒரு சாட்சி. 'அப்பா வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் குழந்தையின் நகத்தில் கிரீஸ்' என்று பிரிஜிட்டின் வக்கீல் எழுதிக் கொடுத்ததைப் போன அத்தியாயத்தில் படித்தோம். அதற்குக் கீழேயே இன்னொரு வரியும் இருந்தது. 'முன்பு புதன் இரவும் அப்பா வீட்டில் தங்கியபோது, பாலம் தூக்கியதால் குழந்தை நான்கு நாள் பள்ளிக்குத் தாமதம்.'

ஏரிக்கும் துறைமுகத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல் திட்டில் வீடு இருப்பது ஒரு குற்றமா? ஊருக்குள் வர ஒரே பாலம். கப்பல் வந்தால் அது மேலே போகத்தான் செய்யும். இந்த டுலூத் ஊரில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். நீதிபதிக்கும் தெரியும். தெரிந்தும் குறித்துக்கொண்டார்.

விவாகரத்து முடிந்து எட்டு மாதம். வீடு பிரிந்தது, பாத்திரம் பிரிந்தது, நாய்கூட பிரிஜிட்டோடு போய்விட்டது. இன்னும் பிரியாமல் இருப்பது ஒன்றே ஒன்று. ஒன்பது வயது லின்னேயா. யாரிடம் எத்தனை நாள்?

கதவு திறந்தது.

சமரச அதிகாரி ஹாக்ஸ்ட்ரோம் அம்மாள். அறுபது வயது, சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. பிரிஜிட்டும் அவள் வக்கீலும் கூடத்துக்கு அந்தப்பக்கம் இன்னொரு அறையில். இரண்டு அறைக்கும் நடுவே காலையிலிருந்து இவர் ஆறு தடவை நடந்தாகிவிட்டது.

"டேரில், அவங்க புதுசா ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்காங்க."

"வாரத்துக்கு ரெண்டு நாள்னா திரும்பக் கொண்டு போயிடுங்க மேடம். செத்தாலும் ரெண்டுல கையெழுத்துப் போட மாட்டேன்."

"ரெண்டு இல்ல." காகிதத்தை மேஜையில் வைத்தார். "நாலு."

டேரில் நிமிர்ந்தான்.

"நாலா?"

"ஒரு சுற்றுக்கு நாலு நாள். சேர்ந்தாப்புல. வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதுல இருந்து திங்கள் காலைல கொண்டு போய் விடற வரைக்கும். ஒரு சுற்றுன்னா பதினாலு நாள். மூணாம் பக்கத்துல விவரமா இருக்கு."

காதில் பதினாலு விழுந்தது. மனதில் நாலுதான் தங்கியது.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு முழு நாள். இப்போது போல் புதன்கிழமை சாப்பிடும்போதே கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். ஞாயிறு காலை அவள் தூங்கி எழுந்ததுமே பையைக் கட்ட வேண்டாம். தலை சீவாமல், பைஜாமாவோடு, பதினோரு மணிவரை அவள் சோபாவில் உருளுவாள்.

"அவளா? பிரிஜிட்டா ஒத்துக்கிட்டா?"

"அவங்கதான் கொடுத்தாங்க. பதிலுக்கு ஒண்ணு கேக்கறாங்க. போன திட்டத்துல உங்களுக்கு ஜூலை மாசம் முழுசா இருந்துச்சு. அதை விட்டுக்கொடுக்கணும்."

ஜூலை. கூடாரம் எடுத்துக்கொண்டு தீவுக்குப் படகில் போகலாம் என்று லின்னேயாவிடம் சொல்லியிருந்தான். ஆனால் ஜூலை வருஷத்தில் ஒரே ஒரு மாதம். இதுவோ வருஷம் பூராவும், இரண்டுக்கு நாலு, இரட்டிப்பு.

பேனாவை எடுத்தான்.

ஹாக்ஸ்ட்ரோம் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "நான் எந்தப் பக்கமும் பேசக் கூடாது டேரில். ஆனா ஒருதடவை உக்காந்து கணக்குப் போட்டுப் பாத்துட்டீங்களா?"

"கணக்கா?" சிரித்தான். எட்டு மாதத்தில் இந்தக் கட்டடத்துக்குள் அவன் சிரித்தது இதுதான் முதல் தடவை. "என் பொண்ணுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுக்கறவன் மேடம் நான்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார்.

"மனசு மாறினா இன்னிக்கு நாலரைக்குள்ள, கீழ கவுண்டர் மூடறதுக்கு முன்னாடி, நேர்ல வந்து எழுதிக் கொடுக்கணும். போன்ல சொன்னா செல்லாது. நாளைக்குக் காலைல இது நீதிபதி கையில இருக்கும். அதுக்கப்பறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"மாறாது மேடம்."

கையெழுத்துப் போட்டான். பெரிதாக, அழுத்தி, அடுத்த பக்கத்தில் பள்ளம் விழும்படி.

*

கூடத்துக்கு அந்தப்பக்கம், பிரிஜிட் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். பல் மருத்துவமனைச் சீருடையை மாற்றாமலே வந்திருந்தாள். கையிலிருந்த காகிதக் கோப்பையின் விளிம்பைத் துண்டு துண்டாகக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வக்கீல் உள்ளே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"போட்டுட்டாரு."

"ஏதாவது கேட்டானா?"

"ஒண்ணும் கேக்கல. சிரிச்சுக்கிட்டே போட்டாராம். உங்க யோசனை பலிச்சிருச்சு."

பிரிஜிட் எழுந்து ஜன்னலோரம் போனாள். கீழே கார் நிறுத்துமிடத்தில் டேரில் தன் பழைய பிக்கப் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தான். நடுவழியில், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, ஒரு சின்னத் துள்ளல் துள்ளினான். நாற்பத்து மூன்று வயது ஆள்.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி வேணும்" என்றாள் பிரிஜிட்.

வக்கீல் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை.

*

"இருபதுக்கு இருபது!"

பள்ளி வாசலில், வண்டிக்குள் ஏறுவதற்கு முன்பே லின்னேயா கத்தினாள். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி. சந்தோஷம் அதிகமானால் அதன் வழியாக விசில் வரும். இப்போது வந்தது.

"பொய்."

"இந்தா, நீயே பாரு."

பரீட்சைத் தாள். மேலே 'சமான பின்னங்கள்' என்ற தலைப்பு. பக்கத்தில் டீச்சர் ஒட்டிய மஞ்சள் நட்சத்திரம்.

"இருபதுல இருபதுக்கு நிஜப்பேர் என்ன, சொல்லு பாப்போம்?"

"என்ன?"

"ஒண்ணு! நான்தான் நம்பர் ஒண்ணு!"

"வாலுக்குத் தலைக்கனத்தைப் பாரு. யாரு சொல்லிக் கொடுத்தது?"

"டீச்சர்."

"அடிப்பாவி!"

"சரி சரி, அழாதே. எட்டுல நாலு நீ. எட்டுல நாலு டீச்சர்."

பிப்ரவரியில் இதே பரீட்சையில் இருபதுக்கு ஆறு வாங்கிவிட்டு, இதே சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதவள் இவள். எட்டில் நாலு என்பது அரையைவிடப் பெரியது என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நாலு பெருசு, எட்டும் பெருசு, அப்ப அது பெருசுதானே?" என்றாள்.

அன்றைக்கு டேரில் அவளை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கராஜுக்குக் கூட்டிப் போய், சிவப்பு டூல்ஸ் பெட்டியின் இழுப்பறையைத் திறந்து, ஸ்பேனர்களையெல்லாம் தரையில் கொட்டினான்.

அரை அங்குல நட்டு ஒன்றைக் கையில் கொடுத்தான். "பதினாறுல எட்டு ஸ்பேனரைக் கொண்டா, இதைக் கழட்டலாம்."

முக்கால் மணி நேரம் தேடினாள். அப்படி ஒரு எண் எந்த ஸ்பேனரிலும் இல்லை. கடைசியில் ஒவ்வொன்றாக நட்டில் போட்டுப் பார்த்தாள். ஒன்று கச்சிதமாகப் பிடித்தது. அதில் 'அரை' என்று செதுக்கியிருந்தது.

"இது அரைப்பா!"

"அதுக்குப் பட்டப்பேர்தான் பதினாறுல எட்டு. இன்னொரு பட்டப்பேர் எட்டுல நாலு. கம்பெனிக்காரன் சின்னப் பேரை மட்டும் செதுக்குவான்."

பட்டப்பேர் விளையாட்டு பிறந்தது. ஒருவர் பேரைக் கூப்பிட, மற்றவர் ஆளைக் கண்டுபிடித்துப் பெட்டி மூடியில் ஓங்கி அறைய வேண்டும். தோற்றவர் உப்புப் போட்ட கறுப்பு மிட்டாய் ஒன்று தின்ன வேண்டும். டேரிலின் பின்லாந்து வழி உறவுக்காரர்களைத் தவிர வேறு யாரும் வாயில் வைக்க முடியாத மிட்டாய்.

விளையாட்டுக்கு ஒரே ஒரு சட்டம். அதையும் டேரில்தான் போட்டான். யார் எந்த எண்ணைச் சொன்னாலும் உடனே கேட்க வேண்டும்: கீழ என்ன?

மேலே இருக்கும் எண்ணை மட்டும் பார்த்து ஓடினால் தவறான ஸ்பேனர்தான் கையில் வரும்.

*

மூன்றே முக்கால்.

அடுப்பில் மாட்டிறைச்சிக் கலவையும் மேலே அடுக்கிய உருளைக்கிழங்கு உருண்டைகளுமாகப் புதன்கிழமைச் சாப்பாடு வெந்துகொண்டிருந்தது. அந்த வாசனை கராஜ் வரை வந்தது. ஏப்ரல் மாதம்தான், ஆனால் ஏரிப் பக்கத்துக் காற்றில் இன்னும் பனிக்கட்டியின் கூர் இருந்தது.

லின்னேயா பையைத் திறந்து ஒரு கட்டு அட்டைகளைத் தரையில் பரப்பினாள். ஸ்பேனர் வடிவத்தில் வெட்டியவை. இரண்டு முனையிலும் எண்கள்.

"என்னது, கார்ன்பிளேக்ஸ் டப்பாவைக் கொலை பண்ணியிருக்க?"

"உன் பெட்டில இல்லாத ஸ்பேனருங்க. மூணு, அஞ்சு, ஏழு. டெஸ்டுல இதெல்லாம்தான் வந்துச்சு."

"ஏழா? ஏழுல எவன் ஸ்பேனர் செய்வான்? ஏழுல நட்டே கிடையாது."

"உலகத்துல நட்டு மட்டும்தான் இருக்காப்பா?"

டேரில் வாய்விட்டுச் சிரித்தான். அவள் சொன்னது சரி. அவனுக்குத் தெரிந்த உலகம் அங்குலம்தான். அரை, கால், அரைக்கால், பதினாறில் ஒன்றான வீசம். இருபத்தைந்து வருஷமாக லாரிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடித் தொட்டே அளவு சொல்வான். அதில் ஒரு நாளும் தவறியதில்லை. அந்த இழுப்பறைக்கு வெளியே இருக்கும் எண்களோடு அவனுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

"சரி, இங்க வா. உனக்கு ஒரு சேதி வச்சிருக்கேன்."

"என்ன?"

"இனிமே நீ என்கூட ரெண்டு நாள் இல்ல."

அவள் முகம் சட்டென்று மாறியது. அவன் அவசரமாகச் சொன்னான். "நாலு! நாலு நாள்!"

விசில் வந்தது. கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா? நிஜமாவா?"

"கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

கட்டிக்கொண்ட கையை விடாமலே, விளையாட்டுக் குரலில், காதுக்குள் கேட்டாள்.

"கீழ என்ன?"

"ம்?"

"நாலுன்னியே. கீழ என்ன? எத்தனைல நாலு?"

"பதினாலுல."

அவள் துள்ளி விலகினாள். கண் மின்னியது. அவன் கேள்வி போட்டுவிட்டான், இவளுக்கு விடை தெரியும்! அட்டைக் குவியலைக் கலைத்தாள், ஒன்றை உருவினாள், ஓடிப்போய்ப் பெட்டியின் மூடியில் படாரென்று அறைந்தாள்.

"ஏழுல ரெண்டு! பதினாலுல நாலுக்கு நிஜப்பேர் ஏழுல ரெண்டு! தோத்துட்டப்பா! தின்னு, தின்னு!"

கறுப்பு மிட்டாயை அவளே எடுத்து அவன் வாயில் திணித்தாள்.

அவன் சிரித்துக்கொண்டேதான் வாயைத் திறந்தான். உப்பு நாக்கில் இறங்கியது. சிரிப்பு மெல்ல நின்றது.

"இன்னொருதடவை சொல்லு."

"ஏழுல ரெண்டு. மேலயும் ரெண்டால பெருக்கு, கீழயும் ரெண்டால பெருக்கு. பதினாலுல நாலு. அதே ஆளுதான்."

"அதெப்படி அதே ஆளு? ரெண்டு ரெண்டுதான். நாலு நாலுதான்."

"அய்யோ, நான் பிப்ரவரியில சொன்ன மாதிரியே சொல்றியே!"

சுவரில் மாட்டியிருந்த டயர் கம்பெனிக் காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தாள். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. இரண்டு வாரம். பச்சைச் சாக்பீஸால் புள்ளி வைத்தாள். "இப்ப நான் வர்ற நாள். புதன், சனி. அடுத்த வாரம் புதன், சனி. எத்தனை?"

"நாலு."

சிவப்புச் சாக்பீஸ். "புதுசு என்ன கிழமை?"

"வியாழன்ல இருந்து ஞாயிறு வரை."

நாலு சிவப்புப் புள்ளி வைத்தாள். அடுத்த சிவப்பு எங்கே வைப்பது என்று விரல் தேடியது. சிவப்பு இல்லாமல் கிடந்த கட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. ஒன்று, இரண்டு, மூன்று... பத்து.

விரல் நின்றது.

"அப்பா. அப்ப புதன்கிழமை?"

அவன் அவள் விரலையே பார்த்தான்.

"நடுவுல பத்து நாள் நான் உன்னைப் பாக்கவே மாட்டேனா?"

மூணாம் பக்கம். கோர்ட்டில் கொடுத்த நகல் வண்டியில் இருந்தது. அதை எடுத்துவந்து படிக்கத் தேவையே இல்லை. ஹாக்ஸ்ட்ரோம் அம்மாள் வாயைத் திறந்து மூடியது இப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"பரவால்லப்பா" என்றாள் லின்னேயா. அவன் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ப் பெரிய மனுஷி மாதிரி பேசினாள். "கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அதேதான். ஜூலை இருக்குல்ல? தீவுக்குப் போறோம்ல?"

வாயில் இருந்த உப்பு முழுவதும் தொண்டைக்குள் இறங்கியது.

"ஜூலையைக் குடுத்துட்டேன் லின்னு."

"யாருக்கு?"

"இந்த நாலுக்கு."

அவள் விசில் அடிக்கவில்லை. அழவும் இல்லை. காலண்டரைத் தரையில் வைத்து, சிவப்புப் புள்ளிகளைக் கட்டைவிரலால் அழிக்கப் பார்த்தாள். சாக்பீஸ் அழிந்தது. கட்டம் முழுக்கச் சிவப்பாக ஈஷிக்கொண்டது.

சுவர்க் கடிகாரம். நாலு மணி ஏழு நிமிஷம்.

*நாலரைக்குள்ள. நேர்ல.*

"லின்னு, ஏறு வண்டியில!"

*

அடுப்பை அணைத்தானா என்று நினைவில்லை.

ஒற்றைத் தெரு. இரண்டு பக்கமும் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் மணல், மணலுக்குப் பின்னால் தண்ணீர். பிக்கப் வண்டி குலுங்கிக்கொண்டு பறந்தது. பாலத்துக்கு ஆறு நிமிஷம், பாலத்திலிருந்து கோர்ட்டுக்கு ஐந்து நிமிஷம். வாசல் படியேற ஒரு நிமிஷம். நாலு இருபதுக்குள் கவுண்டரில் நிற்கலாம்.

ஒரு கையால் போன் போட்டான். "ஹாக்ஸ்ட்ரோம் பேசறேன். வேற ஒரு சமரசக் கூட்டத்துல இருக்கேன்..." பதிவுக் குரல். தூக்கி எறிந்தான்.

கடைசி வளைவு திரும்பியது. பாலம் தெரிந்தது.

மணி அடித்தது.

டிங், டிங், டிங். சிவப்பு விளக்குகள் மாறிமாறிக் கண்ணடித்தன. முன்னால் போன நீலக் கார் வழுக்கிக்கொண்டு போய்ப் பாலத்துக்குள் நுழைந்துவிட்டது. அதற்குப் பின்னால், டேரிலின் மூக்குக்கு நேராக, தடுப்புக் கட்டை இறங்கியது.

"வேண்டாம்... வேண்டாம்... வேண்டாம்..."

பாலத்தின் நடுப்பகுதி அப்படியே, சாலையோடு சேர்த்து, நிதானமாக மேலே எழும்பியது. இடது பக்கம் துறைமுகத்துக்குள்ளிருந்து கப்பல் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடி நீளம். வயிறு நிறைய இரும்புத் தாது. நடந்து போகும் மனிதனைவிட மெதுவாக.

நாலு பதினாலு.

கதவைத் திறந்துகொண்டு ஓடினான். தடுப்புக் கட்டையைப் பிடித்து உலுக்கினான். மேலேயிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. "சார், கட்டைக்குப் பின்னால போங்க. வண்டிக்குள்ள உக்காருங்க."

"என் பொண்ணு...!" என்று கத்தினான். அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாலத்துக்காரரிடம் பின்னக் கணக்கா சொல்ல முடியும்?

கரையோரம் நின்ற வெளியூர்க்காரர்கள் கப்பலுக்குக் கையாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கப்பல் நீளமாக ஊதியது. பாலம் பதிலுக்கு ஊதியது. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு தடவையும் இந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள் லின்னேயா. திரும்பிப் பார்த்தான். சீட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காது திறந்தபடி இருந்தது.

திரும்ப வந்து ஏறிக்கொண்டான்.

நாலு இருபது.

கப்பலின் மூக்கு மட்டும்தான் பாலத்தைத் தாண்டியிருந்தது.

லின்னேயாவின் மடியில் அந்த அட்டை ஸ்பேனர். கராஜிலிருந்து கையோடு கொண்டுவந்துவிட்டாள். டேரில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதை எடுத்தான்.

ஒரு முனையில் ஏழில் இரண்டு. குண்டுக் குண்டாக, கோணலாக, அவள் எழுத்து.

மறுமுனையில் பதினாலில் நாலு.

பார்த்துக்கொண்டே இருந்தான். அந்த நாலு அவள் போடும் நாலு இல்லை. மேலே மூடாமல், இரண்டு கொம்பு தூக்கி, அழுத்தமில்லாத நீல மையில். பன்னிரண்டு வருஷம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், கடைச் சாமான் பட்டியலில், பிறந்தநாள் அட்டைகளில் பார்த்த நாலு.

"லின்னு." குரல் காற்றாக வந்தது. "இந்த முனையில யாரு எழுதினது?"

"அம்மா."

"எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. நான் சமையல் மேஜைல உக்காந்து வெட்டிட்டு இருந்தேன். அம்மா வந்து உக்காந்தாங்க. என்ன விளையாட்டுன்னு கேட்டாங்க. நான் பட்டப்பேரைப் பத்திச் சொன்னேன். அப்பாவோட விளையாட்டுன்னு சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க. அப்புறம், ஏழுல ரெண்டுக்குப் பட்டப்பேர் என்னன்னு கேட்டாங்க."

"நீ சொன்ன."

"டக்குனு சொன்னேன்ப்பா. ஒரு செகண்டுல. அவங்க எனக்கு முத்தம் குடுத்தாங்க. இந்தப் பேரை நானே எழுதறேன்னு பேனா எடுத்தாங்க. அப்புறம் இன்னொண்ணு கேட்டாங்க."

"என்ன?"

"'உங்கப்பா பெட்டில ஏழு இருக்கா'ன்னு."

கப்பல் போய்க்கொண்டே இருந்தது. துருப்பிடித்த சிவப்புச் சுவர் ஒன்று, முடிவே இல்லாமல், கண்ணாடிக்கு முன்னால் நகர்ந்துகொண்டிருந்தது.

நாலு இருபத்தெட்டு.

நாலு இருபத்தொன்பது.

நாலரை. கோர்ட்டுக் கவுண்டரின் கண்ணாடிக் கதவை யாரோ இழுத்து மூடியிருப்பார்கள். டேரில் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"அப்பா."

"ம்."

"டெஸ்டுல இருபதுக்கு இருபது வாங்கினேன். ஆனா நான் அம்மாகிட்ட தப்பா சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்ல?"

"இல்ல கண்ணு." தலையைத் தூக்காமலே சொன்னான். "நீ சரியாத்தான் சொன்ன. நான்தான் கீழ என்னன்னு கேக்கல."

அவள் விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பிறகு, யாரும் கேட்காமலே, ரொம்பச் சின்னக் குரலில் சொன்னாள்.

"அந்தச் சிவப்பு இல்லாத கட்டத்துக்கும் பேர் இருக்குப்பா. பதினாலுல பத்து. நிஜப்பேர் ஏழுல அஞ்சு."

டேரில் கண்ணை மூடிக்கொண்டான்.

பாலம் இறங்கும் சத்தம். இரும்பு இரும்பில் உட்காரும் அதிர்ச்சி சக்கரம் வழியாக உள்ளே வந்தது. மணி நின்றது. கட்டை மேலே போனது.

நாலு முப்பத்து மூன்று. பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது. டேரில் நகரவில்லை. எங்கே போவது?

எதிர்ப்பக்கத்து வரிசையிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாகப் பாலத்தைக் கடந்து வந்தன. முதல் வண்டி, வெள்ளை நிறம். பின்சீட்டு ஜன்னலில் ஒரு நாயின் மூக்கு.

பிரிஜிட்.

புதன்கிழமைகளில் ஏழு மணிக்குத்தான் குழந்தையைக் கூட்டிப் போக வருவாள். ஒரு நாள்கூட ஐந்து நிமிஷம் முன்னால் வந்ததில்லை. இப்போது ஏன்?

வெள்ளைக் கார் மெதுவாக வந்து, பிக்கப் வண்டிக்குப் பக்கத்தில், நடுச்சாலையில் நின்றது. ஜன்னல் கண்ணாடி இறங்கியது. அவள் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள்.

அவள் பேச்சு வெளியே வருவதற்கு முன் பிக்கப் வண்டிக்குள் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

க்ளிக்.

லின்னேயா தன் பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.